படுத்துவிட்ட பென் டிரைவ்: நாமே பார்ப்பதா, கடையில் கொடுப்பதா, லேபுக்கு அனுப்புவதா?

கல்லூரி வாசலுக்கு எதிரே டி.டி.பி. கடை வைத்திருக்கும் என்னைப் போன்றவனுக்கு ஏப்ரல் மாதம்தான் தீபாவளி. புராஜெக்ட் ரிப்போர்ட், ஸ்பைரல் பைண்டிங், கறுப்பு ரெக்சின் அட்டையில் தங்க எழுத்து என்று இரவு 11 மணி வரை கூட்டம் இருக்கும். பென் டிரைவ்கள் அதிகம் படுப்பதும் அந்த மாதத்தில்தான். ஒரே பென் டிரைவை ஒரே நாளில் நாலு கடையில் செருகிப் பிடுங்கினால் வேறென்ன ஆகும்?

அப்படி ஒரு சாயங்காலம் எம்.ஏ. கடைசி ஆண்டு மாணவி ஒருவர் 32 ஜிபி பென் டிரைவோடு வந்து நின்றார். "அண்ணா, ஃபார்மேட் பண்ணவான்னு கேக்குது. ஓகே குடுக்கட்டுமா?" ஆய்வேடு முழுக்க அதில். ஒப்படைக்க 6 நாள். அறைத்தோழி ஏதோ ரிகவரி சாஃப்ட்வேர் இறக்கச் சொல்லியிருக்கிறார். பஜாரில் ஒரு மொபைல் சர்வீஸ் கடையில் 300 ரூபாய்க்கு முடித்துத் தருவார்கள் என்று தோழியின் அண்ணன். சென்னையில் இதற்கென்றே லேப் இருக்கிறது, கூரியரில் அனுப்பு என்று மாமா. எதைச் செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

முதலில் ஓகே குடுக்காதே என்றேன். அப்புறம் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். எல்லோரும் விலையை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். நான் பார்ப்பது வேறு: இந்த வழி தோற்றுப்போனால் அடுத்த வழி திறந்திருக்குமா? சில வழிகள் தோற்கும்போது கதவையும் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டுப் போகும்.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து கேள்விகள். கோளாறு எந்த இடத்தில்? அந்த வழி பென் டிரைவில் எதையாவது எழுதுமா, சூடாக்குமா, மாற்றுமா? ஃபைலைத் திரும்ப உருவாக்க எத்தனை நாள் ஆகும்? கையில் எத்தனை நாள் இருக்கிறது? உள்ளே இருப்பதை அந்நியர் பார்த்தால் பரவாயில்லையா?

முதல் கேள்விக்கு விடை தெரியாமல் மற்ற நாலைப் பேசிப் பயனில்லை. பென் டிரைவுக்குள் முக்கியமாக இரண்டு உறுப்புகள். ஃபைல்கள் கிடக்கும் நினைவகச் சிப் ஒன்று. எது எங்கே கிடக்கிறது என்று கணக்கு வைத்திருக்கும் கன்ட்ரோலர் இன்னொன்று. கம்ப்யூட்டர் பேசுவதெல்லாம் கன்ட்ரோலரோடுதான். குடோனும் அதன் கணக்குப்பிள்ளையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு முழுசாக இருந்தும் கணக்குப்பிள்ளை மயங்கி விழுந்துவிட்டால் வெளியிலிருந்து ஒரு மூட்டையைக்கூட எடுக்க முடியாது.

வேறொரு கம்ப்யூட்டரில், ஹப் எதுவும் இல்லாமல், டெஸ்க்டாப்பின் பின்பக்கப் போர்ட்டில் செருகிப் பாருங்கள். விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் பெரும்பாலும் பதில் அங்கேயே தெரிந்துவிடும்.

சரியான அளவு காட்டி, 'ரா' என்று போட்டு, ஃபார்மேட் செய்யச் சொன்னால், எந்தப் பெயருள்ள ஃபைல் எங்கே என்று விண்டோஸ் பென் டிரைவிலேயே எழுதி வைக்கும் அட்டவணைதான் கெட்டிருக்கிறது. சரக்கு பெரும்பாலும் பத்திரம். சாஃப்ட்வேர் வேலைக்காகும். 'நோ மீடியா' என்றோ 0 பைட் என்றோ காட்டினால் கன்ட்ரோலரால் சிப்பைத் தொட முடியவில்லை. உலகத்திலேயே விலை உயர்ந்த சாஃப்ட்வேரை வாங்கினாலும் அது வெற்றிடத்தைத்தான் ஸ்கேன் செய்யும். இது தெரியாமல் ஒரு வாரம் முழுக்க விதவிதமாக இறக்கிப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும்.

செருகியதும் சுடுகிறதா? உடனே பிடுங்குங்கள். ஆட்டினால் வருகிறது, விட்டால் போகிறது என்றால் செருகும் முனை கழன்றிருக்கிறது. கொஞ்ச தூரம் காப்பியாகி ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது என்றால் பெரும்பாலும் சிப் தேய்ந்திருக்கிறது. 'ரைட் புரொடெக்டட்' என்று அடம்பிடிக்கும் பென் டிரைவைப் பார்த்தால் சந்தோஷப்படுங்கள். சிப் பழுதாவதை உணர்ந்த சில கன்ட்ரோலர்கள் இனி எழுதக் கூடாது என்று பூட்டிக்கொள்ளும், படிக்க மட்டும் விடும். பூட்டைத் திறக்கும் வித்தை தேடாமல் இருப்பதை அப்படியே காப்பி செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, நம் ஊரில் இதுதான் மிக அதிகம்: எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும், அல்லது எதுவுமே தெரியாது, ஆனால் பிராப்பர்ட்டீஸில் 14 ஜிபி நிரம்பியிருப்பதாகக் காட்டும். அது வைரஸ் வேலை. ஃபைல்கள் தொலையவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்தவற்றைக் காட்டு என்பதைத் தேர்ந்து, சிஸ்டம் ஃபைல்களை மறைக்கும் டிக்கை எடுத்துவிட்டால் எல்லாம் தெரியும். ஷார்ட்கட்டைச் சொடுக்காமல், வேண்டியதை எடுத்துக்கொண்டு, ஆன்டிவைரஸை ஓடவிடுங்கள். இதற்குப் பணம் கொடுப்பது வீண்.

## வழி 1: பென் டிரைவை மூடி வைத்துவிட்டு வேறு பிரதியைத் தேடுவது

சப்பென்று இருக்கிறதா? பல நேரம் வேலை முடிவது இங்கேதான். கைடுக்கு அனுப்பிய மெயில், வாட்ஸ்அப்பில் நண்பருக்குத் தள்ளிய பி.டி.எஃப்., கேமராவின் பழைய மெமரி கார்டு, வேர்டு தானாகச் சேமித்து வைக்கும் ஆட்டோ ரிகவர் ஃபோல்டர். இவையெல்லாம் எல்லோருக்கும் தோன்றும். தோன்றாத இடம் ஜெராக்ஸ் கடை. பென் டிரைவிலிருந்து நேராக பிரின்ட் கொடுக்கும் பழக்கம் எங்களுக்குக் கிடையாது. நடுவில் தொங்கும் என்பதால் டெஸ்க்டாப்பில் இழுத்துப் போட்டுத்தான் திறப்போம். அதை அழிக்கவும் மறந்துவிடுவோம். என் டெஸ்க்டாப்பில் 'நியூ ஃபோல்டர்' என்ற பெயரில் மட்டும் 20 இருக்கும். ஒரு மாதத்துக்குள் எங்கெங்கே பிரின்ட் எடுத்தீர்கள் என்று யோசித்து ஒரு சுற்று போய் வாருங்கள்.

செலவு பஸ் காசு. பென் டிரைவுக்கு எந்த ஆபத்தும் இல்லை. குறை, கிடைப்பது பழைய வடிவமாக இருக்கலாம். ஐந்து நாள் பழைய வடிவம் கிடைத்தால், மீதியைத் தட்டச்சு செய்வதா, ரிகவரிக்குச் செலவழிப்பதா என்ற கணக்கே மாறிவிடும்.

## வழி 2: நாமே சாஃப்ட்வேர் போட்டு எடுப்பது

பென் டிரைவ் சரியான அளவோடு தெரிகிறது என்றால் இதுதான் என் முதல் பரிந்துரை. தவறி அழித்தது, 'ரா' ஆனது, குவிக் ஃபார்மேட் ஆனது, மூன்றுக்கும் பொருந்தும். காரணம் எளியது. பென் டிரைவில் ஃபைல்களை அடுக்கும் முறைகளில் ஒன்றான ஃபேட் 32 வகையில் ஒரு ஃபைலை அழித்தால் அட்டவணையில் அதன் பெயர்ப் பதிவின் முதல் பைட் மாறி, இடம் காலி என்று குறிக்கப்படும். உள்ளடக்கம் அப்படியே கிடக்கும், அதன்மேல் வேறொன்றை எழுதும்வரை. லேப்டாப்பில் இருக்கும் எஸ்.எஸ்.டி.யில் டிரிம் என்ற ஏற்பாடு அழித்த இடத்தைச் சீக்கிரமே துடைத்துவிடும். பெரும்பாலான பென் டிரைவ்களில் அது கிடையாது. மலிவுப் பொருளாக இருப்பதில் இப்படியும் ஒரு நன்மை.

முழு ஃபார்மேட் மட்டும் வேறு கதை. விண்டோஸ் விஸ்டா முதல், குவிக் என்ற டிக்கை எடுத்துவிட்டுச் செய்யும் ஃபார்மேட் எல்லா இடத்திலும் சுழியத்தை எழுதிவிடும். அதற்குப் பிறகு தேடிப் பயனில்லை.

இந்த வழியில் ஒரே ஒரு ஒழுங்கு. பென் டிரைவை நேரடியாக ஸ்கேன் செய்யாதீர்கள். முதலில் அதன் முழு இமேஜை, அதாவது காலி இடம் உட்பட அச்சு அசலான நகலை, ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துவிட்டு இமேஜில் தேடுங்கள். 32 ஜிபி பென் டிரைவுக்கு 32 ஜிபி காலி இடம் வேண்டும், மீட்கும் ஃபைல்களுக்குத் தனி இடம். நொடிக்கு 25 எம்பி வேகத்தில் படிக்கும் நல்ல நிலையிலுள்ள பென் டிரைவ் என்றால் 20, 25 நிமிடத்தில் முடியும். தேய்ந்துபோனது என்றால் ராத்திரி முழுக்க ஓடலாம். அதற்கு லினக்ஸில் இருக்கும் டிடி ரெஸ்க்யூ மாதிரி வேறில்லை. படிக்க முடிந்த பகுதிகளை முதல் சுற்றில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்கு அப்புறம் திரும்பி வரும்; எங்கே விட்டது என்று ஒரு குறிப்பும் வைத்துக்கொள்ளும். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இமேஜ் கையில் வந்துவிட்டால் தைரியமாக எத்தனை சாஃப்ட்வேரையும் முயன்று பார்க்கலாம். டெஸ்ட் டிஸ்க், ஃபோட்டோ ரெக் இரண்டும் கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய இலவச மென்பொருள்கள். டெஸ்ட் டிஸ்க் அட்டவணையைச் சரிசெய்யப் பார்க்கும். சரியானால் ஃபோல்டரும் பெயரும் அப்படியே வரும். ஃபோட்டோ ரெக் அட்டவணையைச் சட்டைசெய்யாமல், ஒவ்வொரு வகை ஃபைலும் தொடங்கும் அடையாளத்தைத் தேடித் தோண்டி எடுக்கும். பெயரைப் பார்த்துப் படத்துக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், வேர்டு, பி.டி.எஃப். எல்லாம் வரும். ஆனால் பெயர் வராது. எஃப் என்ற எழுத்தும் ஒரு நீண்ட எண்ணுமாக ஆயிரக்கணக்கில் கொட்டும். அதில் தன் மூன்றாம் இயலைத் தேடுவது ரேஷன் அரிசியில் கல் பொறுக்குவது போல. துண்டு துண்டாகச் சேமிக்கப்பட்டிருந்த ஃபைல் கெட்டும் வரும்: படமென்றால் பாதி சாம்பலாகவாவது திறக்கும், வேர்டு ஃபைல் பெரும்பாலும் திறக்கவே மறுக்கும்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு ஒரு கூடுதல் தலைவலி. பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்த ஃபைலுக்குள் யூனிகோடு தமிழில் தேடினால் எதுவும் சிக்காது. அந்தச் சொல்லுக்கு நீங்கள் தட்டிய ஆங்கில எழுத்துகளைக் கொண்டு தேட வேண்டும்.

கட்டணச் சாஃப்ட்வேர் தேவையா? இலவசத்தில் பெயரோடு வராதபோது, ஃபோல்டர் அமைப்பு முக்கியமாக இருக்கும்போது தேவைப்படலாம். பலவற்றில் ஸ்கேன் இலவசம், எடுக்கும்போதுதான் காசு. அதனால் பணம் கட்டுமுன் பிரிவியூவில் திறந்து பாருங்கள். படம் முழுசாகத் தெரிந்தால் கட்டலாம். வெறும் பெயர்ப் பட்டியலை நம்பிக் கட்டாதீர்கள். பெயர் இருந்து உள்ளடக்கம் போயிருக்கலாம். சில நிறுவனங்கள் மாதச் சந்தாவாக விற்று அடுத்த மாதமும் கார்டில் பிடித்துக்கொள்ளும், அதையும் கவனியுங்கள். கிராக் செய்த பிரதி இறக்குவதைப் பற்றி நான் உபதேசம் செய்யப் போவதில்லை. அதோடு வரும் வைரஸ், மீட்டதையும் சேர்த்துக் கொண்டுபோகும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

கடைசியாக விண்டோஸ் தானே நீட்டும் 'ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்'. அது பென் டிரைவில் எழுதும். அட்டவணை மோசமாகக் கெட்டிருந்தால் ஃபைல்களைப் பெயரற்ற துண்டுகளாக்கி 'ஃபவுண்ட்' என்ற ஃபோல்டரில் போட்டுவிடும். இமேஜ் எடுக்கும் முன் அதைத் தொடாதீர்கள்.

## வழி 3: பஜார் சர்வீஸ் கடை

கடைக்காரன் இன்னொரு கடையைக் குறை சொல்கிறான் என்று நினைக்காதீர்கள். முனை வளைந்து, உடைந்து, சர்க்யூட் பட்டையிலிருந்து கழன்ற பென் டிரைவுக்கு நல்ல சால்டரிங் கை உள்ள மொபைல் டெக்னீஷியனைவிடச் சரியான ஆள் இல்லை. பழைய யு.எஸ்.பி. 2 முனையில் நாலே நாலு இணைப்பு: 5 வோல்ட், இரண்டு டேட்டா, ஒரு கிரவுண்ட். யு.எஸ்.பி. 3 பென் டிரைவைக்கூட இந்த நாலை மட்டும் ஒட்டி மெதுவாகப் படிக்க முடியும். பத்து நிமிட வேலை, சில நூறு ரூபாய். இதற்குப் போய் லேபுக்கு ஆயிரங்களைக் கொடுக்க வேண்டியதில்லை. ஒயர் மாறி 5 வோல்ட் டேட்டா லைனில் ஏறினால் கன்ட்ரோலர் போய்விடலாம் என்பதால் 'பார்த்துச் செய்யுங்கள் அண்ணே' என்று பக்கத்தில் நிற்பதில் தப்பில்லை.

மறைந்திருக்கும் செலவு வேறு இடத்தில் இருக்கிறது. சில வருடம் முன்பு என் சொந்த பென் டிரைவ் ஒன்று 0 பைட் ஆனது. ஒரு கல்யாணப் பத்திரிகை டிசைன் தொகுப்பு அதில். ஒரு கடையில் கொடுத்தேன். மறுநாள் சிரித்த முகத்தோடு நீட்டினார்: "ரெடி பண்ணிட்டேன் சார், ஃபுல் ஸ்பேஸ் காட்டுது." காட்டியது. உள்ளே ஒன்றும் இல்லை. கன்ட்ரோலரின் மாடலைக் கண்டுபிடித்து, அதற்கான தயாரிப்புத் தொழிற்சாலைக் கருவியை இறக்கி ஓட்டினால் செத்த பென் டிரைவ் பலமுறை உயிர்பிழைக்கும்; எந்த ஃபைல் எங்கே என்ற பழைய கணக்கு முழுக்க அழிந்து, புதிதாக எழுதப்படும். யூடியூபில் 'பென் டிரைவ் ரிப்பேர்' என்று வரும் வீடியோக்களில் பாதி இதைத்தான் செய்கின்றன. அவர் என்னை ஏமாற்றவில்லை. பென் டிரைவைச் சரிசெய்யச் சொன்னேன், சரிசெய்தார். ஃபைல்தான் வேண்டும், பென் டிரைவ் போனால் போகட்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

சிப்பை ஹாட் ஏர் அடித்துக் கழற்றி, அதே மாதிரி பென் டிரைவில் மாட்டிப் பார்க்கிறேன் என்று சொன்னால் வேண்டாம் என்று வாங்கிக்கொள்ளுங்கள். கன்ட்ரோலரும் அதற்குள் இருந்து அதை இயக்கும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருளும் இரண்டு பென் டிரைவிலும் ஒரே மாதிரி இருந்தாலொழிய அது ஓடாது. சூடு பட்ட சிப்பில் பிழைகள் கூடும், அப்புறம் லேபுக்குப் போனாலும் வாய்ப்பு குறையும். அந்தரங்கப் படங்கள், கணக்கு வழக்கு இருந்தாலும் இந்த வழி வேண்டாம்; கடை கம்ப்யூட்டரில் ஒரு பிரதி தங்கும் என்பதை மேலே நானே ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

## வழி 4: டேட்டா ரிகவரி லேப்

'நோ மீடியா', சூடாகிறது, நடுவில் உடைந்தது, இவற்றில் ஒன்றாகவும் ஃபைல் உண்மையிலேயே விலைமதிப்புள்ளதாகவும் இருந்தால் மற்ற மூன்றையும் தாண்டி நேராக இங்கே போக வேண்டும்.

விலை ஏன் அதிகம் என்றால், வேலை அப்படி. சிப்பைத் தனியே கழற்றிப் படித்தால் வருவது ஃபைல் இல்லை, இரைச்சல். கன்ட்ரோலர் தேய்மானத்தைப் பரவலாக்குவதற்காக எல்லாவற்றையும் சிதறடித்து, ஒரு குறிப்பிட்ட முறையில் கலைத்து, பிழைதிருத்தக் குறியீடும் சேர்த்து எழுதியிருக்கும். அத்தனையையும் தலைகீழாகச் செய்து மீட்க ஏஸ் லேப் என்ற நிறுவனத்தின் பிசி-3000 ஃபிளாஷ் போன்ற கருவியும், அதைத் தெரிந்த ஆளும் வேண்டும். நகம் அளவே இருக்கும் குட்டி பென் டிரைவ்கள் இன்னும் மோசம். சிப்பும் கன்ட்ரோலரும் ஒரே கறுப்புத் துண்டாக வார்க்கப்பட்டிருக்கும். மேல்பூச்சைச் சுரண்டி, இணைப்புப் புள்ளிகளைக் கண்டுபிடித்து, முடி போன்ற ஒயர்களை நுண்நோக்கியின் கீழ் ஒட்ட வேண்டும். அதனால்தான் சின்ன பென் டிரைவுக்குப் பெரிய பில்.

அனுப்புமுன் தொலைபேசியில் கேளுங்கள். ஃபைல் கிடைக்காவிட்டாலும் பரிசோதனைக் கட்டணம் உண்டா? பணம் கட்டுமுன் மீட்ட ஃபைல்களின் பட்டியலைக் காட்டுவார்களா? எந்த டிரைவில் போட்டுத் தருவார்கள், அதற்குத் தனிக் காசா? அவர்களிடம் இருக்கும் பிரதியை எப்போது அழிப்பார்கள்? இரண்டு பக்கக் கூரியர் யார் தலையில்? தபால் உறையில் போட்டு அனுப்பாதீர்கள், நசுங்கும். சின்ன அட்டைப்பெட்டியில் பஞ்சோடு வையுங்கள். மேலே இதுவரை என்னென்ன செய்தீர்கள் என்று மறைக்காமல் ஒரு சீட்டு.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | வேறு பிரதி | நாமே சாஃப்ட்வேர் | சர்வீஸ் கடை | லேப் |
|---|---|---|---|---|
| செலவு | ஒன்றுமில்லை | 0 முதல் சில ஆயிரம் | சில நூறு | ஆயிரங்கள், குட்டி டிரைவுக்கு இன்னும் மேலே |
| நேரம் | அரை நாள் | ஒரு இரவு | அன்றே | ஒரு வாரம், பல வாரமும் ஆகலாம் |
| எதற்குப் பொருந்தும் | எல்லாவற்றுக்கும் | அளவு சரியாகத் தெரிந்தால் | முனை உடைந்தால் | 'நோ மீடியா', சூடு, நடுவில் உடைந்தது |
| தோற்றால் அடுத்த வழி | முழுசாகத் திறந்திருக்கும் | இமேஜ் எடுத்திருந்தால் திறந்திருக்கும் | மூடிவிடும் ஆபத்து அதிகம் | பெரும்பாலும் இதுவே கடைசி |
| யார் பார்ப்பார்கள் | யாருமில்லை | நாம் மட்டும் | கடையில் எவரும் | லேப் ஊழியர், எழுத்தில் உறுதி கேட்கலாம் |

நாலு வழியும் கைவிடும் இடங்களும் உண்டு. அழித்த இடத்தின் மேல் சினிமா ஏற்றியிருந்தால் முடிந்தது. பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டைப் போட்டு ரிகவரி கீயையும் பாஸ்வேர்டையும் தொலைத்திருந்தால் லேப்காரரும் கையை விரிப்பார். சில நூறு ரூபாய்க்கு 2 டிபி என்று விற்கும் போலி பென் டிரைவ் இன்னொரு வகை. உள்ளே இருப்பது 16 அல்லது 32 ஜிபி. அளவைப் பற்றி கன்ட்ரோலர் பொய் சொல்லப் பழக்கப்பட்டிருக்கும். உண்மையான இடம் தீர்ந்த பிறகு போட்ட ஃபைல்களின் பெயர் தெரியும், உள்ளடக்கம் இருக்காது. எழுதப்படாததை எவரும் மீட்க முடியாது.

அந்த மாணவியின் பென் டிரைவ் 'ரா' வகை, அளவு 29 ஜிபி சொச்சம் காட்டியது; 32 ஜிபி பென் டிரைவை விண்டோஸ் அப்படித்தான் காட்டும், அதனால் சரியான அளவுதான். என் கம்ப்யூட்டரில் இமேஜ் எடுக்கப் போட்டுவிட்டு அவரை பஸ் ஸ்டாண்ட் ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பினேன். முதல் மூன்று இயல்கள் அந்தக் கடை டெஸ்க்டாப்பில் அப்படியே இருந்தன. நாலாவது இயல் இமேஜிலிருந்து பெயரோடு வந்தது. ஐந்தாவது திறக்கவில்லை, நூலகத்தில் எழுதிய குறிப்புச் சீட்டுகளை வைத்துக்கொண்டு என் கடையிலேயே இரண்டு இரவு உட்கார்ந்து மறுபடி அடித்தார். எல்லாம் முடிந்து, மெயிலிலும் ஒரு பிரதி போட்ட பிறகு, அவர் கண் முன்னாலேயே அந்த இமேஜை அழித்தேன். பென் டிரைவை வாங்கிக்கொண்டு போகவில்லை. டிராயரில் கிடக்கிறது.